பெரியம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டை: ‘உடன்படிக்கை’ என்றால் என்ன?

டிசம்பர் 31 இரவு சிங்கப்பூரின் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நள்ளிரவு தாண்டி, பாட்டும் ஜெபமும் முடிந்து, ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்துச் சொன்ன பிறகு ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் மறுபக்கத்திலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஒரு வரி ஜெபித்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆண்டு முழுவதற்கும் அதுதான் அவருக்கான வாக்குத்தத்தம், அதாவது கடவுள் கொடுத்த வாக்கு.

என் பெரியம்மா எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்… அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ புத்தாண்டு இரவு என்பதால் எம்ஆர்டி ரயில்கள் நேரம் கடந்தும் ஓடிக்கொண்டிருந்தன. ரயிலில் உட்கார்ந்ததும் அட்டையைக் கைப்பையில் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, ஆண்டவர் உடன்படிக்கை செய்துவிட்டார். இந்த வருஷம் உன் அண்ணனுக்கு வீடு கிடைத்துவிடும்.”

அண்ணனும் அண்ணியும் அரசு கட்டி விற்கும் பிடிஓ வீட்டுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தவர்கள். இரண்டு முறையும் குலுக்கலில் நல்ல எண் வரவில்லை. பெரியம்மாவின் மூவறை வீட்டில்தான் இன்னும் இருக்கிறார்கள். நான் பதில் பேசவில்லை. அதிகாலை ஒன்றரை மணிக்கு வேதபாடம் எடுக்கப் போனால் உறவு மிஞ்சாது. ஆனாலும் ‘உடன்படிக்கை’ என்று அவர் அடித்துச் சொன்ன விதம் மனத்தில் நின்றுவிட்டது.

பிரசங்கத்திலும் பாட்டிலும் ஜெபத்திலும் புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன சொல் அது. என்னவென்று கேட்டால் ‘கடவுள் நமக்குக் கொடுத்த வாக்கு’ என்பார்கள் சிலர். ‘நாம் இதைச் செய்தால் அவர் அதைச் செய்வார்’ என்பார்கள் வேறு சிலர். முதலாவது பாதி சரி. இரண்டாவது பெரும்பாலும் தவறு. சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், ஐம்பது வருஷமாக வந்துகொண்டிருந்தும் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கைபேசித் திட்டமும் வாடகை வீடும்

முதலில் குழப்பத்தின் வேரைப் பார்த்துவிடலாம். செய்தித்தாளைத் திறந்தால் ‘வர்த்தக உடன்படிக்கை’, ‘போர்நிறுத்த உடன்படிக்கை’ என்று வருகிறது. அங்கே இந்தச் சொல்லுக்கு ஒப்பந்தம் என்றே பொருள். அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு வேதத்தைத் திறக்கிறோம்.

ஒப்பந்தம் எப்படி இயங்குகிறது என்பது சிங்கப்பூர்வாசிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கைபேசிக்கு இரண்டு ஆண்டுத் திட்டத்தில் கையெழுத்திடுகிறோம். இடையில் விலகினால் அபராதம் கட்டுகிறோம். கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது; ‘ஏன் என்னை விட்டுப் போனாய்’ என்று அந்த நிறுவனம் இரவில் தூங்காமல் புரளப் போவதில்லை. வாடகை வீடும் அப்படித்தான். முன்பணம் எவ்வளவு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏசியைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது, சுவரில் ஆணி அடிக்கலாமா என்று பக்கம் பக்கமாக எழுதி, முத்திரைத் தீர்வையும் கட்டுகிறோம். ஒவ்வொரு வரியும் ‘மற்றவர் ஏமாற்றினால் என்ன செய்வது’ என்ற கவலையில் பிறந்தது. தவறே இல்லை, அந்நியர்கள் இருவர் கொடுக்கல் வாங்கல் செய்ய அதுதான் நல்ல வழி.

கடவுளிடமும் இதே கணக்கைத் திறந்துவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். தசமபாகம் தவறாமல் கொடுத்தேன், வேலை போய்விட்டதே. நாற்பது நாள் உபவாசம் இருந்தேன், பரிசோதனை முடிவு சரியாக வரவில்லையே. இப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி வாடகைதாரர் கேட்கும் கேள்வி.

தாலி ஏறிய பிறகு

ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று சபையில் அறிவிப்பது. பிறகு திருமண நாளில் இருவரும் கைபிடித்து, வாழ்விலும் தாழ்விலும், நோயிலும் சுகத்திலும் என்று ஆணையிடுகிறார்கள். அதில் ஒரு வரிகூட ‘நீ சமைத்தால் நான் பாத்திரம் கழுவுவேன்’ என்று இருக்காது. யார் என்ன வேலை செய்வது என்பது பிறகு வீட்டில் தீரும், அல்லது தீராமலே ஓடும். அன்று தீர்மானமாவது ஒன்றுதான்: இன்றுமுதல் இவர் எனக்கு யார், நான் இவருக்கு யார்.

உடன்படிக்கையும் இந்த வகையைச் சேர்ந்தது. இனி நாம் ஒருவருக்கொருவர் யார் என்பதை ஆணையிட்டு நிலைநிறுத்தும் உறவுக்கட்டு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். மல்கியா தீர்க்கதரிசி மனைவியையே ‘உன் உடன்படிக்கையின் மனைவி’ என்கிறார். கடவுளின் உடன்படிக்கையைச் சொல்லும் இடங்களில் திரும்பத் திரும்ப ஒரு வாசகம் வருவதையும் கவனியுங்கள்: ‘நான் உங்கள் தேவனாயிருப்பேன், நீங்கள் என் ஜனமாயிருப்பீர்கள்.’ தாலி கட்டும்போது சொல்வதுபோன்ற வாசகம் இது.

உவமை ஓரிடத்தில் இடறும். மணமக்கள் இருவரும் சமம், கடவுளும் மனிதனும் அப்படியில்லை. அந்த இடத்தில் தத்தெடுத்த குழந்தையை நினைத்துக்கொள்ளலாம். தத்துப் பத்திரத்தில் குழந்தை கையெழுத்திடுவதில்லை. பேரம் பேசுவதும் இல்லை. மறுநாள் காலையில் அதற்குப் புதிய வீடும் புதிய அப்பா அம்மாவும் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு ஒழுங்குகள் உண்டு, அதையும் மெல்லக் கற்றுக்கொள்ளும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒப்பந்தத்தில் பொருளும் பணமும் கைமாறும். உடன்படிக்கையில் ஆட்களே ஒருவருக்கொருவர் உரியவர்களாகிறார்கள்.

வெட்டிய மிருகங்களுக்கு நடுவே

இனி உவமைகளை வைத்துவிட்டு உண்மையான நிகழ்ச்சிக்குப் போவோம். பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரெய மொழியில் உடன்படிக்கைக்குச் சொல் ‘பெரித்’. தமிழில் ‘உடன்படிக்கை பண்ணினார்’ என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் பெரும்பாலும் இருப்பது ‘உடன்படிக்கையை வெட்டினார்’. நம் மொழிபெயர்ப்பில் கத்தி காணாமல்போய்விட்டது.

அந்தக் கத்தி ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் கிடைக்கிறது. பின்னாளில் ஆபிரகாம் என்று பெயர் பெற்ற ஆபிராமுக்குப் பிள்ளை இல்லை. உன் சந்ததி நட்சத்திரங்களைப்போல் இருக்கும், இந்தத் தேசம் உனக்கு என்கிறார் கடவுள். அதை நான் எப்படி அறிவேன் என்று கேட்கிறார் ஆபிராம். பதிலாக வருவது ஒரு விசித்திரமான பட்டியல்: மூன்று வயதுள்ள ஒரு கிடாரி, மூன்று வயதுள்ள ஒரு வெள்ளாடு, மூன்று வயதுள்ள ஓர் ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. பறவைகளை விட்டுவிட்டு மற்றவற்றை நடுவாகப் பிளந்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். நடுவில் ஒரு பாதை.

தேக்கா சந்தையில் விடியற்காலையில் ஆட்டிறைச்சி வாங்கியவர்களுக்கு அந்த வாடை தெரியும். இங்கே குளிர்ப்பெட்டியும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. பகல் முழுக்க வெயில். பிணந்தின்னிப் பறவைகள் இறங்கி வர, ஆபிராம் துரத்திக்கொண்டே இருக்கிறார்.

எதற்காக இந்தச் சடங்கு? எரேமியா 34ஆம் அதிகாரம் விளக்குகிறது. சிதேக்கியா ராஜாவின் காலத்தில் எருசலேமின் பெரியவர்கள் தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாக உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே நடந்தார்கள். பிறகு மனம் மாறி, விடுவித்தவர்களை மறுபடியும் அடிமையாக்கினார்கள். நீங்கள் நடந்துபோன அந்தக் கன்றுக்குட்டிக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும் என்பதே அங்கே வந்த தீர்ப்பின் சாரம். ஆக, துண்டங்களின் நடுவே நடப்பவர் ‘நான் வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும்’ என்று தன் உடலாலேயே ஆணையிடுகிறார். நம் ஊரில் கையிலடித்துச் சத்தியம் செய்வதன் மிகக் கடுமையான வடிவம்.

அப்படியானால் ஆபிராம்தானே நடக்க வேண்டும்? குறைந்தபட்சம் இருவருமாவது? சூரியன் அஸ்தமிக்கும்போது ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வருகிறது. காரிருளில் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் தோன்றுகின்றன. துண்டங்களின் நடுவே கடந்துபோவது நெருப்பு மட்டும். வேதத்தில் நெருப்பும் புகையும் கடவுள் அருகில் இருப்பதன் அடையாளம். நடந்தவர் கடவுள் ஒருவரே. ஆபிராம் நடக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்த ஒரு காட்சியைக் கண்முன் வைத்துக்கொண்டால் உடன்படிக்கை பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். ஆணையின் அபாயத்தைச் சுமக்க வேண்டியவர் யார் என்பது அந்த இருட்டிலேயே முடிவாகிவிட்டது.

நோவாவோடும் தாவீதோடும் செய்த உடன்படிக்கைகளை இங்கே விரிக்கவில்லை. நோவாவுக்குக் கொடுத்த வானவில்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எபிரெயத்தில் அது போர் வில்லுக்கும் உள்ள அதே சொல். தமிழுக்கும் அந்தப் பாக்கியம் உண்டு. அந்த வில்லைப் பார்த்து நினைவுகூருவேன் என்று சொல்வதும் கடவுள்தான். அடையாளம் நம் கண்ணுக்கு முன்பே அவர் கண்ணுக்கு வைக்கப்பட்டது.

சீனாயில் எது முதலில் வந்தது?

“அப்படியென்றால் பத்துக் கட்டளை எதற்கு?” என்று கேட்பீர்கள். மோசே மூலம் சீனாய் மலையில் செய்த உடன்படிக்கையில் நிபந்தனைகள் உண்டு. அந்தக் கட்டளைத் தொகுப்பை நியாயப்பிரமாணம் என்கிறோம். ‘நீங்கள் என் வாக்கை உள்ளபடி கேட்டால்’ என்ற சொற்றொடரும் அங்கே இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வரிசையைப் பாருங்கள். பத்துக் கட்டளையின் முதல் வாக்கியம் கட்டளையே அன்று. உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே என்று அது தொடங்குகிறது. மீட்பு முன்பே முடிந்துவிட்டது, செங்கடலையும் தாண்டியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ‘செய்’, ‘செய்யாதே’. பத்துக் கட்டளையைக் கைக்கொண்டால் எகிப்திலிருந்து விடுவிக்கிறேன் என்று கடவுள் சொல்லியிருந்தால், இன்றும் எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

அக்கால அரசியல் வழக்கமும் இப்படியே இருந்தது. கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளில் ஏத்தியப் (ஹிட்டைட்) பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்த உடன்படிக்கைகள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பேரரசரின் பெயர் முதலில் வரும், அவர் செய்த உபகாரங்களின் வரலாறு அடுத்து வரும், கட்டளைகள் அதன் பிறகே வரும். சீனாயில் கேட்ட மக்களுக்கு அந்த அமைப்பு பழகிய ஒன்றாக இருந்திருக்கும்.

மக்கள் ‘செய்வோம்’ என்றார்கள். மோசே மலையிலிருந்து இறங்குவதற்குள் பொன் கன்றுக்குட்டி வார்த்துவிட்டார்கள். பின்வந்த நூற்றாண்டுகளின் கதையும் ஏறக்குறைய அதுவே, கடைசியில் தேசமே பறிபோனது.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’ என்ற வசனம் நம் வாக்குத்தத்த அட்டைகளின் செல்லப்பிள்ளை. அது உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அதிகாரத்துக்கு 68 வசனங்கள். முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம், 15 முதல் 68 வரை சாபம். அந்த 54 வசனங்களில் ஒன்றையாவது அட்டையில் அச்சடித்துத் தட்டில் வைத்த சபையை நான் பார்த்ததில்லை. வைக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் சீனாய் உடன்படிக்கையின் ஆசீர்வாதத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே போடுவது, வாடகைப் பத்திரத்தில் தனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் நகலெடுப்பதற்குச் சமம்.

ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குக்கும் சீனாய்க்கும் என்ன தொடர்பு? அப்போஸ்தலர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் காலக்கணக்கையே வாதமாக வைக்கிறார். 430 வருஷத்துக்குப் பிறகு வந்த நியாயப்பிரமாணம், முன்பே உறுதி செய்யப்பட்ட உடன்படிக்கையை ரத்து செய்ய முடியாது என்கிறார். துண்டங்களின் நடுவே நெருப்பு கடந்துபோன இரவு செல்லுபடியாகிக்கொண்டேதான் இருக்கிறது.

‘ஏற்பாடு’ என்ற சொல்லும் ஓர் உயிலும்

வேதத்தின் இரண்டு பாகங்களைப் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்கிறோம். இளம்பிள்ளைகளிடம் ‘ஏற்பாடு’ என்றால் கல்யாணத்துக்குச் சாப்பாட்டு ஏற்பாடு ஞாபகத்துக்கு வருகிறது. அந்தச் சொல்லுக்கு இசைவு, உடன்பாடு என்ற பொருளும் உண்டு. பழைய உடன்படிக்கை, புதிய உடன்படிக்கை என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். வேதத்தின் முகப்பிலேயே நம் தலைப்பு எழுதியிருப்பது தெரியும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மோசேயின் ஆகமங்களைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூதர்கள் ‘பெரித்’ என்பதற்கு ‘தியாத்தேக்கே’ என்ற சொல்லை எடுத்தார்கள். சமமானவர்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இருந்தது, அதைத் தொடவில்லை. தியாத்தேக்கே அன்றாடக் கிரேக்கத்தில் உயிலைக் குறிக்கும் சொல். புதிய ஏற்பாட்டுக் கடிதங்களில் ஒன்றான எபிரெயர் நிருபம் இந்த இரட்டைப் பொருளைப் பிடித்துக்கொண்டு, எழுதினவன் இறந்த பிறகே மரணசாசனம் உறுதிப்படும் என்று வாதிடுகிறது.

உயிலில் வாரிசு பேரம் பேசுவதில்லை. எழுதுகிறவர் ஒருவர், பெறுகிறவர் இன்னொருவர். சிங்கப்பூரில் மத்திய சேம நிதிச் சேமிப்பு உயிலுக்குள் அடங்காது. யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். அங்கேயும் பெயர் எழுதும் பேனா சேமித்தவர் கையில்தான். ‘அப்பா என் பெயரை எழுத நான் என்ன சாதித்தேன்’ என்று எந்தப் பிள்ளையும் அந்தப் படிவத்தின்முன் கேட்பதில்லை.

ஆக, ஒருவர் தொடங்குகிறார், அவரே பொறுப்பேற்கிறார், மற்றவர் பெற்றுக்கொண்டு அந்த உறவுக்கு ஏற்றபடி வாழக் கற்றுக்கொள்கிறார். உடன்படிக்கையின் இயக்கம் இதுதான்.

எரேமியாவின் கடிதம்

இப்போது பெரியம்மாவின் அட்டைக்கு வருவோம். எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதியது. அங்கே போனவர்களின் ஒரே கேள்வி, எப்போது ஊருக்குத் திரும்புவோம் என்பதே. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இனிப்பான பதில் சொல்லியிருந்தார்: இரண்டு வருஷம். நம் கைபேசித் திட்டத்தின் அதே கால அளவு. எரேமியா சொன்னதோ 70 வருஷம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்தத் திரும்புதலைப் பார்த்திருக்க முடியாது. அதுவரை என்ன செய்வது? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது கடிதம். கடல் கடந்து வந்து, ஊர் ஞாபகத்தோடு இந்தத் தீவில் வேரூன்றிய நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்த வரிகளை விளக்க வேண்டியிருந்திருக்காது.

இந்த இடத்தில்தான் ‘உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள்’ வருகிறது. தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்றைய தமிழில் ‘உங்கள்’ என்பது ஒரே ஆளை மரியாதையாகச் சொல்லவும் பயன்படுகிறது. பெரியம்மா அதைத் தம்மிடமே பேசியதாகத்தான் வாசித்தார். ஆனால் நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் கடவுள் தனியாளிடம் ‘நீ’, ‘உன்’ என்றே பேசுகிறார். அங்கே ‘உங்கள்’ என்றால் பலர்தான். வாக்கு ஒரு ஜனத்துக்கு. அதில் பெரியம்மாவுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது அண்ணனின் குலுக்கல் எண்ணைப் பற்றியது ஆகாது.

இரண்டு அதிகாரங்கள் தள்ளி, எரேமியா 31:31இல் ‘புதிய உடன்படிக்கை’ என்ற சொற்றொடர் வருகிறது. பழைய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொற்றொடர் அங்கே மட்டும்தான். மக்கள் மீறிப்போட்ட உடன்படிக்கையைப் போல இது இராது. பிரமாணம் கல்லில் இராமல் இருதயத்தில் எழுதப்படும். சிறியவன் முதல் பெரியவன்வரை எல்லாரும் அவரை அறிவார்கள். அவர்களுடைய பாவங்களை இனி நினையாதிருப்பேன் என்று முடிகிறது. அட்டையில் அச்சடிக்க எரேமியாவில் ஒரு வரி தேட வேண்டுமானால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இயேசு கைதான இரவில், பஸ்கா பந்தியில், கிண்ணத்தை எடுத்து இது என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு இழைகள் முடிச்சிடப்படுகின்றன. சீனாயில் மோசே ‘உடன்படிக்கையின் இரத்தம்’ என்று சொல்லி மக்கள்மேல் தெளித்தது ஒன்று. எரேமியாவின் ‘புதிய’ என்பது இன்னொன்று. மூன்றாவது இழையும் உண்டு என்று கிறிஸ்தவ விசுவாசம் வாசிக்கிறது: துண்டங்களின் நடுவே கடந்துபோனவர் ஏற்றுக்கொண்ட அபாயம். வாக்கை மீறியவர்கள் மனிதர்கள், சாபம் விழுந்தது சிலுவையில். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி என்று பவுல் எழுதுவது இதைத்தான். இரு தரப்புக்கும் நடுவில் நின்று இரண்டையும் சேர்ப்பவர் என்பதால் எபிரெயர் நிருபம் அவரை மத்தியஸ்தர் என்கிறது.

சபைகள் எங்கே பிரிகின்றன

இதில் எல்லாச் சபையும் ஒரே மாதிரி பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன், கத்தோலிக்கச் சபைகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. பிள்ளைகளும் பெற்றோரோடு உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசித்து அறிக்கையிடும்வரை காத்திருக்கின்றன. இந்த வழக்கு இன்று தீராது. ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தின் தமிழ்த் திருப்பலியிலும் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையின் திருவிருந்திலும் கிண்ணத்தை எடுக்கும்போது ‘புதிய உடன்படிக்கை’ என்ற சொல்லே ஒலிக்கிறது.

மெதடிஸ்டுகளிடம் உடன்படிக்கை ஆராதனை என்று ஒன்று உண்டு. ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கியது. இப்போது பல சபைகளில் புத்தாண்டையொட்டி நடக்கிறது. அதன் ஜெபத்தின் சாரம் இது: நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன், என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைவாக வைத்தாலும் சரி, வெறுமையாக வைத்தாலும் சரி. வாக்குத்தத்த அட்டை எடுத்த கை உலர்வதற்குள் இதையும் சொல்கிறோம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்கிறவர்கள் இரண்டாவதை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் படித்தால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு காலும் முடமானவன்

அந்தப் புத்தாண்டு இரவுக்குச் சில வாரங்கள் கழித்துப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு மூட்டு வலி, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. திருவிருந்து நாளில் பலிபீடத்துக்குப் போய் முழங்காலிட அவரால் ஆவதில்லை. போதகர் கிண்ணத்தை அவர் இருக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பார். காப்பியோடு பேச்சு அட்டைக்கு வந்தபோது எரேமியாவை எடுக்காமல் வேறு ஒரு கதையைச் சொன்னேன்.

தாவீதும் யோனத்தானும் உயிர்ச் சிநேகிதர்கள். யோனத்தான் சவுல் ராஜாவின் மகன், அடுத்து அரசாள வேண்டியவன். ஆனாலும் தாவீதோடு உடன்படிக்கை செய்து, தன் சால்வை, வாள், வில், கச்சை எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தான். என் வீட்டாருக்குத் தயவு செய்யாமல் விட்டுவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டான். பிறகு சவுலும் யோனத்தானும் போரில் இறந்தார்கள். செய்தி வந்ததும் யோனத்தானின் ஐந்து வயது மகன் மேவிபோசேத்தைத் தாதி தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிய அவசரத்தில் பிள்ளை விழுந்து இரண்டு காலும் முடமானது.

ஆண்டுகள் ஓடின. தாவீது ராஜாவானார். பழைய ராஜவம்சத்தின் பேரன் லோதேபார் என்ற ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் வளர்ந்தான். புதிய ராஜா பழைய வம்சத்தைத் தேடினால் எதற்காக இருக்கும் என்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். அரண்மனையிலிருந்து ஆள் வந்தபோது அவன் என்ன நினைத்திருப்பான்! ராஜாவின்முன் முகங்குப்புற விழுந்தான். தாவீது அவனைப் பெயர் சொல்லி அழைத்து, பயப்படாதே என்றார். உன் தகப்பன் யோனத்தானினிமித்தம் உனக்குத் தயவு செய்வேன், சவுலின் நிலங்களைத் திருப்பிக் கொடுப்பேன், நீ என் பந்தியில் சாப்பிடுவாய் என்றார்.

அந்தத் ‘தயவு’ எபிரெயத்தில் ‘ஹெசெத்’. உடன்படிக்கை உறவில் ஒருவர் மற்றவரைக் கைவிடாமல் காட்டும் மாறாத அன்பு என்பது அதன் பொருள். ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று 136ஆம் சங்கீதம் தன் 26 வசனங்களிலும் பாடுகிறதே, அந்தக் கிருபையும் இதே சொல்தான். மேவிபோசேத் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. அது நடந்தபோது அவன் அங்கே இல்லவே இல்லை. தகப்பன் செய்தது மகனுக்குப் பலித்தது. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எருசலேமில் ஒரு மேல்மாடி அறையில் நடந்ததில் தெம்பனிஸில் குடியிருக்கும் ஒருவருக்கு எப்படிப் பங்கு வந்தது என்று யாராவது கேட்டால், நான் இவனைத்தான் காட்டுவேன்.

பெரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கால் சரியாகிவிட்டதா?”

நான் வேதத்தை எடுத்து, 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் படித்துக் காட்டினேன். மேவிபோசேத் ராஜாவின் பந்தியில் நித்தம் அசனம்பண்ணினான், எருசலேமிலே குடியிருந்தான், அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது. அதிகாரம் அங்கே முடிகிறது.

பெரியம்மா கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நித்தம் என்றால் தினமும்தானே?” என்றார்.

“தினமும்தான், பெரியம்மா.”

அண்ணனுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. அட்டை இப்போது வேதத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.